எழுபத்தைந்தாம் எண் பல்

மார்ச் 3

பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பவிருக்கும் முறையீடு. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1. சனவரி 9: பல் மருத்துவ இறுதியாண்டு மாணவர்கள் குழந்தைகள் பிரிவில் செய்து முடிக்க வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை, ஆண்டு முடியும் தறுவாயில் உயர்த்தப்பட்டது. காரணம் கூறப்படவில்லை. அத்தனை குழந்தைகள் எங்கிருந்து வருவார்கள் என்பதும் கூறப்படவில்லை.

2. பிப்ரவரி 4: செய்முறைத் தேர்வு பிப்ரவரி 18 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டது.

3. பிப்ரவரி 16: அத்தேர்வு 'நிர்வாகக் காரணங்களால்' மார்ச் 5ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

4. பிப்ரவரி 20: விளக்கம் கேட்டு நான் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை.

5. மார்ச் 2: மார்ச் 5 தேர்வும் தள்ளிவைக்கப்பட்டது. இம்முறை மறுதேதியும் இல்லை.

கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் நான். தேதி இல்லாத ஒன்றை நிகழ்ச்சி என்று நான் ஏற்பதில்லை. ஏற்கும்படி எனக்குக் கட்டளையிட எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை. என் மகள் நித்திலா, உயர்த்தப்பட்ட எண்ணிக்கையையும் முடித்துவிட்டு விடுதி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எஞ்சியிருப்பது இந்த ஒரு தேர்வு.

மார்ச் 4

இத்தேர்வின் தன்மையை அறியாதவருக்கு என் கோபத்தின் அளவு விளங்காது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

தேர்வு நாளன்று மாணவி தனக்கான குழந்தை நோயாளியைத் தானே அழைத்து வர வேண்டும். எந்தக் குழந்தையும் ஆகாது. பால்பல்லில் குழி ஆழமாக இருக்க வேண்டும். ஆனால் நரம்பைத் தொட்டிருக்கக் கூடாது. தேர்வாளர் முன்னிலையில் அதைச் சுத்தம் செய்து அடைத்துக் காட்ட வேண்டும். பொருத்தமான பல் இல்லையேல் தேர்வு இல்லை. எனவே மாணவர்கள் அத்தகைய பல் ஒன்றை முன்கூட்டியே கண்டுபிடித்து, வேறு எவரும் கை வைக்காதபடி தேர்வு நாள் வரை வைத்திருப்பார்கள். எல்லாக் கல்லூரிகளிலும் இதுதான் வழக்கம் என்கிறாள் நித்திலா. எந்த விதியிலும் இது எழுதப்படவில்லை.

எங்களுக்குப் பல் கிடைத்தது பேறு. எங்கள் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள் சத்யகலா. கணவன் கேரளத்தில் டைல்ஸ் பதிக்கிறான். மகள் கனிஷ்கா, ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பொங்கல் விடுமுறைக்கு வந்த நித்திலா, அக்குழந்தை ஏதோ சொல்லிச் சிரித்தபோது வாய்க்குள் பார்த்துவிட்டாள். கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிப் பால்பல். பல் மருத்துவர் கணக்கில் அதன் எண் எழுபத்தைந்து.

"அப்பா, டெக்ஸ்ட் புக்ல படம் போட்ட மாதிரி இருக்குப்பா. அப்படியே எக்ஸாம் கேஸ்!"

அன்று எங்கள் வீட்டில் கேசரி.

மார்ச் 9

வாரம் ஒரு முறை பல்லைப் படமெடுத்து நித்திலாவுக்கு அனுப்புவது என் பொறுப்பு. இன்று சத்யகலா குழந்தையைத் தூக்கி இஸ்திரி மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தாள். கைபேசி விளக்கை நான் பிடித்தேன்.

"ஆ காட்டு. இன்னும் பெருசா. சார் தாத்தாவுக்குத் தெரியணும்ல?"

"சார் தாத்தா, என் பல்லா பரீட்சை எழுதப் போவுது?" என்று கேட்டது குழந்தை.

"உன் பல் சும்மா உட்கார்ந்திருக்கும். அக்காதான் எழுதுவாள்."

"அப்ப எனக்கு எத்தினி மார்க்கு?"

"வாய மூடுடி, போட்டோ எடுக்கணும்" என்றாள் தாய். "அய்ய, மூடாத, தொற!"

இருவரும் சிரித்தார்கள். படம் தெளிவாக வந்தது.

மார்ச் 15

தேதி அறிவிக்கப்பட்டது: மார்ச் 26. முறையீட்டை அனுப்பாமல் நிறுத்தி வைத்தேன்.

மார்ச் 18

காலையில் சத்யகலா வாசலில் நின்றாள். குழந்தை இரவு தூங்கவில்லையாம்.

"சில்லுனு எது பட்டாலும் துள்றா சார். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பல் டாக்டர் இருக்காரே, அவர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடட்டா?"

வேறொருவர் கைவைத்தால் பல்லை அடைத்துவிடுவார். பிறகு அது தேர்வுக்கு உதவாது. நித்திலா செய்தாலோ தேர்வாளரே கண்காணிக்கும் தரமான சிகிச்சை, அதுவும் இலவசமாகக் கிடைக்கும் என்று விளக்கினேன். இன்னும் எட்டு நாள்தான். வலி மருந்து வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கம் மெல்ல வேண்டாம் என்று குழந்தையிடம் சொன்னேன். அது தலையாட்டிற்று. நன்றிகெட்டவர்கள் அல்லர். இன்று என் சட்டைகளையே முதலில் தேய்த்துக் கொடுத்தாள்.

சுகந்தி சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவிக்குப் பேச்சில் எப்போதும் ஒரு கூர்மை உண்டு, பள்ளி ஆசிரியை.

"மாசி பங்குனியில ஊர்ல எல்லாரும் மாவடு ஊறப் போடுவாங்க. நீங்க ஒரு புள்ளையோட பல்ல ஊறப் போட்டிருக்கீங்க."

"உன் மகளின் தேர்வு."

"எம் மகதான். அதனாலதான் இம்புட்டோட நிறுத்திக்கிறேன்."

மார்ச் 24

தள்ளிவைப்பு. வெளித் தேர்வாளர்கள் நியமனத்தில் சிக்கலாம். புதிய தேதி ஏப்ரல் 9.

பேரரசுகளே தேதி குறித்தபடி வீழ்ந்திருக்கின்றன. இரண்டு தேர்வாளர்களை ஓர் அறையில் உட்கார வைக்க இவர்களால் இயலவில்லை. முறையீட்டில் ஆறாவது இனமாகச் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சத்யகலாவிடம் புதிய தேதியைச் சொன்னேன். "சரி சார்" என்றாள். ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அதுக்குள்ள ஒண்ணும் ஆவாதுல்ல சார்?" என்றாள்.

ஆகாது என்றேன்.

மார்ச் 25

நித்திலா தொலைபேசினாள். கடைசியாக அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். குழி கறுத்து விரிந்திருக்கிறதாம்.

"அப்பா, ராத்திரியும் வலிக்குதுன்னா நெர்வ் வரைக்கும் போயிருக்கலாம். கலாக்காகிட்ட சொல்லிடுங்க, பக்கத்துல எங்கயாவது காட்டிடட்டும். நான் வேற கேஸ் பாத்துக்கறேன்."

"வேறு குழந்தை எங்கே கிடைக்கும்?"

"கிடைக்கலன்னா அடுத்த தடவ எழுதறேன். ஆறு மாசம்தான? நீங்க சொல்லிடுங்கப்பா."

தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு வரும் மனத்தளர்ச்சி இது. என் மாணவர்களிடம் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அந்நேரத்தில் அவர்கள் சொல்வதையெல்லாம் நிறைவேற்றுவது நன்மை செய்வதாகாது. சரி என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 30

என் வெள்ளைச் சட்டையில் கறை.

நேற்று மாலை துணி வாங்கப் போனபோது கனிஷ்கா அடுக்கிய துணிகளின்மேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்மூடி இருந்தது. தேய்த்த சூடு ஆறுவதற்குள் அடுத்த அடுக்குக்கு முகத்தை மாற்றிக்கொண்டது. தாய் பெட்டியை ஓட்டிக்கொண்டே, "எந்திரி, துணி கசங்குது" என்பாள். எழுந்திருக்காது. அவளும் வற்புறுத்துவதில்லை.

"சூடு பட்டா கொஞ்சம் எதமா இருக்காம் சார்."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், சட்டையின் மார்புப் பக்கத்தில் உள்ளங்கை அளவு எச்சில் தடம். உலர்ந்து ஓரம் மஞ்சளாக இருந்தது. சுகந்தியிடம் சொல்லித் துவைக்கப் போட்டேன். துவைத்து உலர்ந்த பிறகும் எனக்கு மட்டும் அந்த இடம் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை என்கிறாள். அந்தச் சட்டையை அலமாரியின் கடைசியில் வைத்தேன்.

ஏப்ரல் 4

விடுப்பு எடுத்துக்கொண்டு நித்திலாவின் கல்லூரிக்குச் சென்றேன். அவளிடம் சொல்லவில்லை.

குழந்தைகள் பிரிவின் சுவரில் பல் துலக்கும் ஒட்டகச்சிவிங்கி, சிரிக்கும் யானை. அதன் கீழே பெஞ்சுகளில் குழந்தைகள். ஒரு குழந்தை உள்ளே போனால் வெள்ளை அங்கியணிந்த நான்கு பேர் எழுந்து நிற்கிறார்கள். அதன் வாயில் என்ன இருக்கிறது, யாருடைய எண்ணிக்கைக்கு அது உதவும் என்று எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டபோது இரு மாணவிகள் ஒரே நேரத்தில் அவன் கையைப் பிடித்தார்கள். யார் கோட்டை விட்டது என்பது தெரியவில்லை. பையன் ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் ஓர் இளைஞர், மடியில் பெண் குழந்தை.

"நீங்களும் பரீட்சைக்கா சார்?"

"ஆம்."

"எங்களுதும் அதுக்குத்தான். டாக்டர் பாப்பா வச்சிருக்கச் சொல்லிச்சு. எப்ப சார் வெப்பாங்க? இது சோறே திங்க மாட்டேங்குது."

எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தேன்.

துறைத்தலைவர் மருத்துவர் எஸ்தர் என்னை மரியாதையாக நடத்தினார். காபி வரவழைத்தார்.

"எக்ஸாம் டேட் யுனிவர்சிட்டி கையில சார். எங்க கையில ஒண்ணுமில்ல."

"குழந்தைகள்?"

"எந்தக் குழந்தைங்க?"

"தேர்வுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகள்."

அவர் பேனாவை மூடினார். "அப்படி யாரையும் நிறுத்தி வைங்கன்னு இந்த டிபார்ட்மென்ட் சொன்னதே இல்ல. பல்லு கெட்டிருந்தா உடனே பாக்கணும். அதுதான் ரூல். ஏன் சார், நித்திலா யாரையாவது வெயிட் பண்ண வச்சிருக்காளா?"

"இல்லை" என்றேன். "பொதுவாகக் கேட்டேன்."

"நல்லது. பொதுவாவே இருக்கட்டும் சார்."

பேருந்தில் திரும்பும்போது இந்த அம்மையாரின் பொறுப்பின்மையை எந்தச் சொற்களால் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் மனிதர்களை நான் வெறுக்கிறேன்.

ஏப்ரல் 7

தள்ளிவைப்பு. ஏப்ரல் 22. இரண்டு நாள் முன்னதாக, மாலை ஆறு மணிக்கு, கல்லூரியின் வாட்சப் குழுவில், ஒப்பமில்லாத ஒரு வரி.

ஏப்ரல் 8

சத்யகலாவிடம் சொன்னேன். அவள் பெட்டிக்குள் கரியை அள்ளிப் போட்டாள்.

ஏப்ரல் 11

மருந்துக் கடையில் இன்னொரு புட்டி வாங்கினேன். "யாருக்கு சார், பேத்திக்கா?" என்றான் கடைக்காரன். ஆம் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று வீடு வரை யோசித்தும் புலப்படவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. நற்செய்தி.

சுகந்தி கொடுத்த பாயசத்தை வாங்க கனிஷ்கா தானே வந்தது. பாவாடை, தலையில் கனகாம்பரம். வாசற்படியில் உட்கார்ந்து முந்திரியை இடப்பக்கமாகவே கடித்தது.

"வலிக்கவில்லையா?"

"போயே போச்சு சார் தாத்தா! நேத்துலேர்ந்து வலிக்கவே இல்ல."

பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பது வெறும் பழமொழி அன்று. உடனே நித்திலாவுக்குத் தொலைபேசினேன். அவள் மகிழவில்லை.

"தானாவா நின்னுது? அப்பா, தானா நின்னா நல்ல சேதி இல்லப்பா. உள்ள நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். இனிமே அது சீழ் பிடிக்கும். ஈறுல சின்னக் கொப்புளம் மாதிரி எதாவது இருக்கான்னு இப்பவே பாருங்க. இருந்தா அது எக்ஸாம் கேஸே இல்ல, இன்னிக்கே எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். அது சரி, நீங்க அன்னிக்கே கலாக்காகிட்ட சொல்லிட்டீங்கதான? ஏன் இன்னும் காட்டல?"

"அவர்களுக்கு ஆயிரம் வேலை" என்றேன்.

குழந்தையை வாய் திறக்கச் சொன்னேன். வெயிலில் பார்த்தால் கண் கூசுகிறது. நிழலில் பார்த்தால் தெளிவில்லை. கடுகளவு ஒன்றை இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. நான் மருத்துவன் அல்லன். இன்னும் எட்டே நாள். ஒன்றும் இல்லை எனச் செய்தி அனுப்பினேன்.

குழந்தை வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடலாம் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18

மாலை சத்யகலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடக் கன்னம் வீங்கித் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சல். தலையை நிமிர்த்தியபடி வைத்திருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். தக்க ஆலோசனை கூறி அனுப்பினேன்.

ஏப்ரல் 19

இஸ்திரி வண்டியின்மேல் தார்ப்பாய் கட்டியிருக்கிறது.

ஏப்ரல் 20

அடுத்த தெருவில் விசாரித்து வந்து சுகந்தி சொன்னாள்: நேற்று முன்தினம் இரவே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களாம். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

"நான் போய் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். போய் நில்லுங்க."

தேர்வு நாளை மறுநாள். பள்ளிகளுக்கு விடுமுறை, குழந்தைகள் ஓரிடத்தில் கிடைப்பது அரிது. கோயிலில் சித்திரைத் திருவிழா. அங்கே போனேன்.

ராட்டினத்தின் அருகே நின்றேன். குழந்தைகள் மேலே போகும்போது வாயைத் திறந்து கூச்சலிடுகின்றன. பஞ்சுமிட்டாய்க்காக அண்ணாந்து நிற்கின்றன. சிரிக்கும் ஒவ்வொரு வாயிலும் கீழ்வரிசை இடப்பக்கத்தைத் தேடினேன். முகங்களை நான் பார்க்கவில்லை. ஒரு பையனிடம் அது இருந்தது: கரும்புள்ளி, நல்ல ஆழம், ஈறு சுத்தம். அவன் தந்தையிடம் பேசலாம் என்று நெருங்கினேன். பையன் என்னைப் பார்த்ததும் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் பார்த்த எல்லாக் குழந்தைகளும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றிற்று. தேர் நிலைக்கு வருமுன் வீடு திரும்பினேன்.

ஏப்ரல் 21

போனேன்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் நித்திலா தரையில் உட்கார்ந்திருந்தாள். விடுதியிலிருந்து நேரே வந்திருக்கிறாள். சுகந்திதான் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி வழியே காட்டினாள். வீக்கம் தொண்டையை அடைத்துவிட்டதால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழந்தை அழுகிறது என்பது முகத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. சத்தம் வருவதில்லை.

"மார்ச் மாசமே சொன்னேன்லப்பா?"

"நித்திலா..."

"கலாக்காகிட்ட கேட்டேன். சார் அப்படி எதுவும் சொல்லலியேன்னாங்க. கொப்புளம் இருந்துதாப்பா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

"நாளை உன் தேர்வு. கோயில் தெருவில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிப்பது இந்தக் குறிப்பேட்டின் நோக்கமன்று.

ஏப்ரல் 22

தேர்வு நடைபெற்றது. குறித்த நாளில், குறித்த நேரத்தில்.

பிற்பகல் மருத்துவர் எஸ்தர் அழைத்தார். "நித்திலா வரல சார். ஆப்சென்ட் போட வேண்டியதாப் போச்சு. உடம்பு சரியில்லையா?"

"பொதுவாகச் சரியில்லை" என்றேன்.

ஏப்ரல் 23

எதுவும் இல்லை.

ஏப்ரல் 26

இன்று சத்யகலாவை மருத்துவமனை வராந்தாவில் தனியாகச் சந்தித்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான விடைகளை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவள் கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க சார். பல்ல எடுத்துட்டாங்க."

வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மொத நாளே எடுக்கணும்னாங்க சார். எடுத்துட்டு, கீறி சீழ வெளிய உட்டுடணும்னாங்க. நான்தான் கையெழுத்துப் போடல. நீங்க சொன்னீங்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பல்ல மட்டும் தொட உடாத, நாலு நாளு மருந்து வாங்கிக் குடுத்துச் சமாளின்னு? அதையேதான் சொன்னேன். அக்காவுக்குப் பரீட்சை இருக்கு, இந்தப் பல்லு வேணும்னு. நர்ஸம்மா என்ன லூசுன்னு நெனச்சிடுச்சு. ராத்திரி ரெண்டு தபா கேட்டாங்க. போடல சார். விடிகாலம் பாப்பாக்கு மூச்சே இழுக்குது, கண்ணு சொருவிடுச்சு. அப்புறம் எனக்கு எதுவும் தெரில சார். நீட்டுன எடத்துல எல்லாம் போட்டுட்டேன்."

புடவை முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரை போட்டுத் தரும் சிறு காகித உறை.

"தூக்கிப் போடப் போனாங்க. கேட்டு வாங்கி வச்சிருக்கேன். டாக்டரக்கா எம்மேல கோவமா இருக்கும், எதுவுமே பேச மாட்டேங்குது, பாப்பா கிட்டயே உக்காந்துனு இருக்கு. இத வச்சு எதனா பண்ண முடியுமா சார்? அவங்ககிட்ட காட்டி?"

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

மே 1

உறை என் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. நான் திறப்பதில்லை.

என் வாயில் கீழ்வரிசை இடப்பக்கத்தில் வலி. கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாக்கு ஓயாமல் அங்கேயே போகிறது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதும் போகிறது, மாணவர்கள் காத்திருக்கிறார்கள்.

நித்திலா காலையில் மருத்துவமனைக்குப் போய் இரவு வருகிறாள். என்னுடன் பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள்.

மே 3

புதிய முறையீடு எழுதுகிறேன். தேதிகளைத் தேர்வு அலுவலர்கள் தாயம்போல் உருட்டியதால் ஒரு குழந்தை மரணத்தின் வாயில் வரை சென்றது என்பதை எவரும் மறுக்க முடியாத வகையில் நிறுவியிருக்கிறேன். வரைவைச் சுகந்தி படித்தாள்.

"'மாணவியின் குடும்பத்தார் ஒருவர் அளித்த ஆலோசனையின் பேரில்'னு போட்டிருக்கீங்களே. அந்த ஒருவர் யாருன்னு அவங்க கேட்டா?"

"கேட்க மாட்டார்கள். அவர்கள் எதையும் கேட்பதில்லை."

"நான் கேக்கறேன்."

நித்திலா அறையிலிருந்து வெளியே வந்தாள். பத்து நாளுக்கும் மேலாக என்னிடம் பேசாதவள், கதவில் சாய்ந்து நின்று சொன்னாள்: "எனக்காக எதுவும் எழுத வேணாம். எழுதறதா இருந்தா நடந்தத எழுதுங்க."

நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை மாற்றவில்லை.

மே 6

தார்ப்பாயை அவிழ்த்து வண்டியிலிருந்து ஏதோ எடுக்க சத்யகலா வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"குழாய எடுத்துட்டாங்க சார்! தையல் போட்டிருக்கு. கொரல் கொஞ்சம் கரகரன்னு வருது, ஆம்பளப் புள்ள மாதிரி. பதினாறாம் தேதி வீட்டுக்கு உட்டுடுவாங்களாம்."

"நல்லது."

"பேச ஆரம்பிச்சதும் மொத மொதல்ல என்னா கேட்டா தெரியுமா? 'ஏம்மா, பரீட்சைய ஏன் அன்னிக்கே வெக்கல'ங்கறா. எனக்கு என்னா தெரியும்? சார் தாத்தா படிச்சவரு, அவருதான் பெரிய ஆபீசுக்கெல்லாம் லெட்டர் போடறாரு, வீட்டுக்குப் போனதும் அவரையே கேளுன்னேன். சரின்னுட்டா. வந்ததும் ஒங்ககிட்டதான் வருவா பாருங்க."

அவள் போன பிறகு வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நாளைக் காலை பதிவுத் தபாலில் சேர்ப்பேன். நகல்:

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு.

பிப்ரவரி 18, மார்ச் 5, மார்ச் 26, ஏப்ரல் 9 ஆகிய நாள்களில் குழந்தைகள் பல் மருத்துவச் செய்முறைத் தேர்வு ஏன் நடைபெறவில்லை என்பதற்கான காரணத்தைக் கோருகிறேன். 'நிர்வாகக் காரணம்' என்பதை விடையாக ஏற்க மாட்டேன். தொலைபேசி வாயிலாகவோ, கல்லூரி வாயிலாகவோ, வாட்சப் வாயிலாகவோ அளிக்கப்படும் விடையையும் ஏற்க மாட்டேன். தேர்வுக்காகக் குழந்தைகளின் பற்களை நிறுத்தி வைக்கும் வழக்கம் தங்களுக்குத் தெரியாது என்ற விடை வருமானால், தெரியாது என்பதைத் தாங்களே கைப்பட எழுதி ஒப்பமிட வேண்டும்.

என் மகளுக்குச் சிறப்புத் தேர்வு எதையும் நான் கோரவில்லை. அவளும் கோரவில்லை.

மே 16 அன்று கனிஷ்கா என்னும் குழந்தை மருத்துவமனையிலிருந்து திரும்பி என் வீட்டுக்கு எதிரே வந்து உட்காரும். என்னிடம் ஒரு கேள்வி கேட்கும். அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு விடை இருந்தாக வேண்டும். வேறு எந்த விடையும் என்னால் சொல்ல இயலாது.

ஆகவே மே 15ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள், எழுத்து வடிவில், ஒப்பத்துடன், ஆறு வயதுக் குழந்தைக்கு விளங்கும் சொற்களில், தங்கள் பதில் என் கையில் கிடைக்க வேண்டும்.